எஸ்.பி.எம். முடிந்த பிறகு: நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாசல்கள்

(நமது சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹ். 

சங்கத் தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு அத்தா அம்மா கட்டாயத்தின் பேரில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் படிவம் 3, படிவம் 5 பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் ஸலாம்.

படிப்பைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியரையோ கல்வி அதிகாரியையோ அழைத்திருக்கலாம். கடைக்காரனான என்னை ஏன் அழைத்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "நீங்கதானே பாலிடெக்னிக் படிச்சிட்டு கடை வெச்சிருக்கீங்க, ரெண்டையும் சொல்லுங்க" என்றார். சரி, இரண்டையும் சொல்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். லுஹருக்கு முன்னால் முடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

முதலில் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 555 புத்தகம் ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அளவு சின்ன நோட்டு. என் பாட்டனார் ராமநாதபுரத்திலிருந்து வந்து கோலசிலாங்கூர் பக்கம் மளிகைக்கடை வைத்தவர். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, துவான் மீ, ஈஜோக் என்று சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில்தான் கணக்கு. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, மீன் டின் எல்லாம் கடன். சம்பள நாள் அன்று தீர்ப்பார்கள். பாதி தீரும், பாதி அடுத்த மாதத்துக்கு ஓடும். அப்படித்தான் தோட்டத்துப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்தோம்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பால்மரத்துக்குத் தேவைப்பட்ட அளவு ஆள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். சில தோட்டங்கள் வீடமைப்பாக மாறின. லயன் வீடுகள் காலியாயின. ஜனம் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் போனது. கடன் வாங்க ஆள் இல்லாத கடைக்குக் கடன் புத்தகம் எதற்கு? மினி மார்க்கெட் வந்தது, சூப்பர் மார்க்கெட் வந்தது. என் அத்தா காலத்திலேயே எங்கள் மளிகைக்கடை மூடப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றும் நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "நமக்குத்தான் கடை இருக்கே, பையன் படிச்சு என்ன செய்யப் போறான்?" அந்தப் பேச்சை நம்பி எஸ்.பி.எம்.மோடு நின்ற பல பேரை எனக்குத் தெரியும். கடை போனதும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. இன்று சிலர் காவல் வேலையில் இருக்கிறார்கள், சிலர் உணவு டெலிவரி ஓட்டுகிறார்கள். எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு 1,700 வெள்ளி ஆனது. கைத்திறன் சான்றிதழ் இல்லாத பிள்ளை அந்தச் சம்பளத்தில் சேருகிறான். பத்து வருடம் கழித்தும் சட்டம் உயர்த்தினால்தான் அவன் சம்பளம் உயர்கிறது. என் கவலை அதுதான்.

இப்போது வாசல்களுக்கு வருகிறேன். பிள்ளைகள் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களும்தான்.

முதல் வாசல் படிவம் 3 முடித்ததுமே திறக்கிறது. அது கோலேஜ் வோகேஷனல், அதாவது தொழிற்கல்லூரி. முன்பு தொழிற்பள்ளிகளாக இருந்தவற்றை 2012ஆம் ஆண்டு தொடங்கிக் கல்லூரிகளாக மாற்றினார்கள். நம் கோலசிலாங்கூரிலேயே ஒன்று இருக்கிறது. முதல் 2 ஆண்டு படித்தால் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ். அடுத்த 2 ஆண்டு படித்தால் டிப்ளோமா. ஆக 19, 20 வயதில் ஒரு பிள்ளை டிப்ளோமாவோடு வெளியே வந்துவிடும். அதே வயதில் மற்றப் பிள்ளைகள் அப்போதுதான் டிப்ளோமாவின் நடுவில் இருப்பார்கள். இது அரசாங்கப் படிப்பு, விடுதியும் உண்டு. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகள் மிகக் குறைவாகவே விண்ணப்பிக்கிறார்கள். காரணம் கேட்டால், "அது படிக்காத பிள்ளைங்க போற இடம்" என்கிறார்கள். அங்கே நடக்கும் மின்னியல் பாடத்தையும் இயந்திரவியல் பாடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு அப்படிச் சொல்லட்டும்.

இரண்டாவது வாசல் பாலிடெக்னிக். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஈப்போவில் இருக்கும் உங்கு ஓமார். 1969இல் தொடங்கியது. நான் அங்கேதான் மின்னியல் டிப்ளோமா படித்தேன். இன்று நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வடக்கே சபாக் பெர்ணம், சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. தெற்கே ஷா ஆலமில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பாலிடெக்னிக். விமானப் பராமரிப்பு படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்குப் பந்திங்கில் ஒன்று. நான் படித்தபோது ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளிதான். விடுதி, சாப்பாடு தனி. தனியார் கல்லூரியின் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் நுழைய பத்து 'ஏ' தேவையில்லை. மலாய் மொழியும் வரலாறும் தேறியிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று போனால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதைப் படிவம் 5 பிள்ளைகள் மறக்கக் கூடாது. அதற்கு மேல் சில பாடங்களில் கிரெடிட் வேண்டும். தொழில்நுட்பத் துறைக்குக் கணிதம் மிக முக்கியம். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும், துறைக்குத் துறையும் மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்தே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது வாசல் கோலேஜ் கொமுனிட்டி, சமூகக் கல்லூரி. சபாக் பெர்ணமில் ஒன்று உண்டு. அங்கே சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கேக் செய்வது, தையல், கணினிக் கணக்கு, குளிர்சாதனப் பராமரிப்பு மாதிரி குறுகிய காலப் பயிற்சிகளும் சமூகக் கல்லூரிகளில் நடக்கும். இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் தாய்மார்களும் போகலாம்.

நான்காவது, மனிதவள அமைச்சின் பயிற்சி நிலையங்கள். ஷா ஆலமில் இருக்கும் அட்டெக் அதில் ஒன்று. இளைஞர் விளையாட்டு அமைச்சின் பயிற்சி நிலையங்கள் உலு லங்காட் டூசுன் துவாவிலும் சிப்பாங்கிலும் இருக்கின்றன. இங்கெல்லாம் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். அது 1, 2, 3 என்று மூன்று நிலை. நான்காவது நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாவது நிலை உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம்.மில் சறுக்கிய பிள்ளை முதல் படியில் கால் வைத்து ஐந்தாவது படி வரை ஏறலாம். பிறகு விருப்பமும் தகுதியும் இருந்தால் பட்டப்படிப்பு. மலாக்காவில் யூ.டி.இ.எம்., ஜொகூர் பாரிட் ராஜாவில் யூ.டி.எச்.எம்., பெர்லிசில் யூனிமேப், பகாங்கில் ஒன்று என நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இப்படி வருகிற மாணவர்களையும் மனத்தில் வைத்து நடக்கின்றன.

ஐந்தாவது வாசலை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. எஸ்.எல்.டி.என். என்பார்கள். ஜெர்மனியில் இருக்கும் முறையைப் பார்த்து 2005இல் இங்கே கொண்டுவந்தது. பிள்ளை ஒரு பட்டறையிலோ நிறுவனத்திலோ வேலை பழகும். 70, 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மீதி நேரம் வகுப்பில். பயிற்சிக் காலத்தில் அலவன்ஸும் உண்டு. முடிவில் சான்றிதழ் உண்டு. உட்கார்ந்து படிக்கப் பொறுமையில்லை, கையில் ஸ்பேனர் கொடுத்தால் உலகையே மறக்கிறான் என்று சில பிள்ளைகளைப் பற்றிச் சொல்வோமே, அவர்களுக்காகவே செய்த வழி இது.

ஆறாவது வாசல் பெரியவர்களுக்கு. அதன் பெயர் பி.பி.டி. ஏற்கனவே பெற்ற திறனை அங்கீகரிப்பது என்று பொருள். பதினைந்து வருடம் மோட்டார் பட்டறை நடத்தியவர், இருபது வருடம் சமையல் செய்தவர், வெல்டிங் தெரிந்தவர், இவர்கள் மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகச் சேர்த்து, மதிப்பீட்டாளர் முன்னால் காட்ட வேண்டும். தகுதி இருந்தால் எஸ்.கே.எம். சான்றிதழ் கிடைக்கும். இந்த மண்டபத்திலேயே அதற்குத் தகுதியான பத்துப் பேரை என்னால் கை காட்ட முடியும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். டிப்ளோமாவுக்கு பி.டி.பி.டி.என். கடன். திறன் சான்றிதழ்ப் பயிற்சிக்கு பி.டி.பி.கே. கடன். கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன்னால் படித்துப் பாருங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, மாரா. நாம் முஸ்லிம்கள், ஆகவே மாரா கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாரா பூமிபுத்ராக்களுக்காக அமைந்த நிறுவனம். முஸ்லிம் என்பதால் மட்டும் அந்தத் தகுதி வராது. தாயோ தகப்பனோ மலாய்க்காரராக உள்ள குடும்பங்களின் நிலை வேறாக இருக்கலாம். என் உறவுக்காரப் பையன் ஒருவன் மாராவை மட்டும் நம்பிக் காத்திருந்தான். யூ.பி.யூ. தேதி போய்விட்டது. ஒரு வருடம் வீணானது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நாங்கள்தான் விசாரிக்கவில்லை. விண்ணப்பிக்கும் முன்னால் தகுதியைப் பாருங்கள், எல்லா வாசலையும் தட்டிவையுங்கள்.

இரண்டு, தனியார் கல்லூரி. நல்லவையும் உண்டு. ஆனால் பசார் மாலாமில் மேசை போட்டு, "மடிக்கணினி இலவசம்" என்று அழைத்தால் உடனே பெயர் கொடுத்துவிடாதீர்கள். டிப்ளோமா என்றால் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? திறன் சான்றிதழ் என்றால் ஜே.பி.கே. அங்கீகாரம் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பையன் ஒருவன் இரண்டு வருடம் படித்து முடித்த பிறகே அவன் கையில் இருந்த தாளை எந்த முதலாளியும் ஏற்கவில்லை என்று தெரிந்தது. கடன் மட்டும் மிச்சம்.

சான்றிதழ் என்று இத்தனை தடவை சொல்கிறேனே, வேலை தெரிந்தால் போதாதா என்று ஒரு பெரியவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் மின்சாதனப் பொருள்களும் தண்ணீர்ப் பம்புகளும் விற்கிறேன். என் கடைக்கு ஓர் அண்ணன் வருவார். தோட்டத்தில் பிறந்தவர். படிவம் 3 வரை படித்தவர். வயரிங்கில் அவரைப் போல வேலை செய்கிறவரை நான் பார்த்ததில்லை. கம்பி ஓட்டினால் கோடு கிழித்த மாதிரி இருக்கும். பதினைந்து வருட அனுபவம். ஆனால் ஒரு வீட்டு வயரிங் முடிந்து மின்சார இணைப்பு வாங்க வேண்டுமானால், வேலையை மேற்பார்த்து முடித்ததற்கும் சோதித்ததற்கும் போராங் ஜி, போராங் எச் என்று இரண்டு பாரங்கள் உண்டு. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்தான் அவற்றில் கையெழுத்துப் போட முடியும். இந்த அண்ணனிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. ஆகவே வெயிலில் கூரைக்கு அடியில் ஏறி வேலை செய்வது இவர், கையெழுத்து இன்னொருவருடையது. வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கையெழுத்துக்காரருக்குப் போய்விடும்.

ஒருநாள் நான் கேட்டேன், "அண்ணே, நீங்களே பரீட்சை எழுதலாமே?" அவர் சிரித்தார். "எனக்கு மலாய் எழுதவே கை நடுங்கும் தம்பி." ஆறு மாதம் நான் விடவில்லை. கடைசியில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓம் விதியும் எர்த் லீக்கேஜும் படித்தார். முதல் தடவை எழுத்துத் தேர்வில் தேறவில்லை. இரண்டாவது தடவை தேறினார். ஒற்றை ஃபேஸ் வயர்மேன். சான்றிதழ் வந்த அன்று என் கடைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. பாரத்தை விரித்து, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். "இனிமே இது என் வீட்டு அரிசி தம்பி" என்றார்.

இத்தனைக்கும் அவர் கைவேலையில் எந்த மாற்றமும் இல்லை. முன்பு ஓட்டிய அதே கம்பிதான். கையெழுத்து ஒன்றுதான் புதிது. இந்த மண்டபத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதற்காகப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்திலேயே இப்படி எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். சுற்றியிருக்கும் செம்பனை ஆலைகளில் கொதிகலன் ஓடுகிறது. அதைக் கவனிக்க, தொழில் பாதுகாப்புத் துறையின் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். ஆலைகளில் சார்ஜ்மேன் வேண்டும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது, ட்ரோன் மருந்து தெளிக்கிறது. பாசிர் பெனாம்பாங்கில் படகு எஞ்சின். வீட்டுக்கு வீடு குளிர்சாதனம். இதையெல்லாம் பழுதுபார்க்க ஆள் தேடிக் கிள்ளானிலிருந்து வரவழைக்கிறார்கள். நம் பிள்ளைகளோ வேலை தேடிக் கிள்ளானுக்குப் போகிறார்கள். இருவரும் பாதி வழியில் ஒருவரை ஒருவர் கடந்துபோகிறார்கள்.

படித்தவன் கடை வைத்தால் படிப்பு வீண் என்றும் சிலர் சொல்வார்கள். டிப்ளோமா முடித்து நான் மூன்று வருடம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத்தான் கடை போட்டேன். என் கடைக்கு வரும் விவசாயி, "பம்ப்பு புதுசுதான், தண்ணி ஏற மாட்டேங்குது" என்பார். படிக்காத நாள்களில் நான் இன்னும் பெரிய பம்ப்பை விற்றிருப்பேன். இப்போது கேட்பேன், "தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் ஏறணும்? குழாய் என்ன அளவு? எத்தனை வளைவு?" பாதி நேரம் பம்ப்பில் கோளாறு இருக்காது, குழாய் சின்னதாக இருக்கும். ஐம்பது வெள்ளிக் குழாயோடு அவர் போய்விடுவார். அன்று எனக்கு லாபம் குறைவு. ஆனால் அடுத்த பத்து வருடமும் அவர் என் கடைக்குத்தான் வருவார். என் பாட்டனாருக்கு 555 புத்தகம் வாடிக்கை சேர்த்தது. எனக்கு டிப்ளோமா சேர்த்தது.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று நேற்றிரவு வரை யோசித்தேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு தங்கச்சி. எஸ்.பி.எம்.மில் என்னைவிட நல்ல ரிசல்ட். கணிதத்தில் 'ஏ'. சபாக் பெர்ணம் பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தாவுக்குத் தயக்கம். பெண் பிள்ளை, விடுதி, என்ன செய்வது? இரவு என்னைக் கூப்பிட்டார். "நீதான் ஈப்போவில் ஹாஸ்டலில் இருந்தவன். நீ சொல்லு, அனுப்பலாமா?"

அத்தா என் வார்த்தைக்குக் காத்திருந்தார். நான் "அனுப்புங்க அத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அனுப்பியிருப்பார். நான் சொன்னது, "பொம்பளப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் எதுக்கு அத்தா, வீட்டிலேயே இருக்கட்டும்." எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் ஒன்றரை மணி நேரத்துக்குள். என்னை ஈப்போவுக்கு அனுப்பியபோது யாரும் தூரம் அளக்கவில்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பிறகு நான் கடை போட்டபோது என் கடைக் கணக்கைப் பார்த்தவள் அவள்தான். இன்று என் கடை நிற்கிறது என்றால் பாதி அவள் மூளை. கல்யாணம் ஆகி, பிள்ளைகள் ஆன பிறகும் கணக்கு அவளிடம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய அலமாரியை ஒழித்தபோது அந்தக் கடிதம் கிடைத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்துவிட்டு, "அதுக்குத் தேதி முடிஞ்சு போச்சுண்ணே, தூக்கிப் போடுங்க" என்றாள். என்னால் போட முடியவில்லை. இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

போன வருடம் சமூகக் கல்லூரியில் கணினிக் கணக்குக் குறுகிய காலப் பயிற்சிக்குப் போனாள். வகுப்பில் முதல் ஆளாக முடித்தாள். மேடையில் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டபோது, "சொல்லுங்கண்ணே. மத்த வீட்டு அண்ணன்மாருக்குக் கேக்கட்டும்" என்றாள்.

ஆகவே இங்கே இருக்கும் அண்ணன்மாரே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக்கு உங்கள் அத்தா உங்களைக் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்பார். பதிலை இன்றைக்கே யோசித்து வையுங்கள். விடுதி பயமாக இருந்தால் போய்ப் பாருங்கள், வார்டனைப் பாருங்கள், அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளிடம் பேசுங்கள். போய்ப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

கைத்தொழில் நமக்கு அந்நியம் அல்ல. நூஹ் நபி (அலை) கப்பல் கட்டினார்கள். தாவூது நபி (அலை) இரும்பைக் கொண்டு கவசம் செய்தார்கள். ஸகரிய்யா நபி (அலை) தச்சு வேலை செய்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் வணிகம் செய்தார்கள். கையில் அழுக்குப் படுவதைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் நமக்கு மார்க்கத்திலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்தோ வந்தது.

நம் பூர்வீக மண்ணையும் பாருங்கள். கடலோடி வணிகம் செய்த கீழக்கரையில் முகம்மது சதக் அறக்கட்டளையினர் 1984இல் பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். அதே ஆண்டு வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் கிரசண்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். இவர்களெல்லாம் வியாபாரிகள். வியாபாரத்தில் வந்த பணத்தைத் தொழில்நுட்பக் கல்வியில் போட்டார்கள். நம்மால் கல்லூரி கட்ட முடியாது. ஆனால் நம் சக்திக்கு உட்பட்டவை சில உண்டு. சங்கத்தின் முன்னால் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று: யூ.பி.யூ. விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில், வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நம் மண்டபத்தில் இரண்டு மடிக்கணினியும் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை வந்தாலும் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். நம் ஜமாஅத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளும் வரட்டும். அவர்கள் பாட்டன்மார் நம் கடையில் வாங்கிய அரிசியில்தான் நாம் படித்தோம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டு: நம் உறுப்பினர்களில் பட்டறை, உணவகம், குளிர்சாதனக் கடை நடத்துகிறவர்கள் வருடத்துக்கு ஒரு பிள்ளையையாவது எஸ்.எல்.டி.என். முறையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். முதலில் என் கடையை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று: அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத நம் பெரியவர்களுக்கு பி.பி.டி. கோப்பு தயார் செய்ய உதவுவோம். அறுபது வயதில் வாப்பா ஒரு சான்றிதழைச் சுவரில் மாட்டினால், வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பேரன் அதைத் தினமும் பார்ப்பான்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. எனக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கந்தூரியிலும் ஒவ்வொரு நிக்காஹிலும் "என்ன படிக்கிறே?" என்று கேட்பார்கள். "பாலிடெக்னிக்" என்று மெதுவாகச் சொல்வேன். "ஓ" என்பார்கள். அந்த "ஓ" எனக்குப் பல வருடம் வலித்தது. இன்று அதே ஆட்கள் வீட்டில் மின்சாரம் போனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆகவே யாராவது "ஓ" என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். அவர்கள் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாடிக்கையாளர் ஆவார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் நம் முன்னோர்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களிடம் பட்டம் இல்லை, பணமும் அதிகம் இல்லை. பிள்ளைகள் தங்களைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அவர்களில் பலர் இன்று மண்ணறையில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ருகளை விசாலமாக்கி வைப்பானாக. நம் பிள்ளைகளின் கல்வியிலும் கைத்திறனிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

பேசியதில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் தொழுகைக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்டாலும் சொல்வேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.